கேளுங்க, சொல்றேன்: பழைய பெட்டி கம்ப்யூட்டர், புது டிவி

போன இதழ்ல 1980கள்ல சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வச்சு தூக்கிட்டுப் போன கம்ப்யூட்டர்களைப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத் தான் கேட்டிருக்கீங்க. மெஷின் ஓடுது, ஆனா ஸ்கிரீன் ரொம்ப சின்னது, இல்லன்னா மங்கிப் போச்சு, வீட்ல இருக்குற எச்டிஎம்ஐ டிவில படம் வர வைக்க முடியுமான்னு. அதனால இந்த தடவை மத்த கேள்விகளை எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன்.

அண்ணா, எங்க பெரியப்பா அமெரிக்கால இருந்து திரும்பி வந்தப்போ கொண்டு வந்த ஆஸ்போர்ன் 1 இத்தனை வருஷமா பரண்ல இருந்துச்சு. ஒரு எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவரை வச்சு பவர் சப்ளையை சரி பண்ணி ஆன் பண்ணோம், ஓடுது. ஆனா அந்த 5 இன்ச் ஸ்கிரீன் பெரியப்பா கண்ணுக்கு இப்போ தெரியல. டிவில பெருசா காட்டினா அவரே உக்காந்து வேர்ட்ஸ்டார்ங்கிற எழுதுற புரோகிராமை ஓட்டுவாரு. வழி இருக்கா?
வாசகர், திருவண்ணாமலை

இருக்கு தம்பி. அதுவும் உங்க ஊர்லேர்ந்து இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா அந்த மெஷினுக்குப் பேர் கொடுத்த ஆடம் ஆஸ்போர்ன் சின்னப் பிள்ளையா வளர்ந்ததே திருவண்ணாமலைல தான். 1939ல பாங்காக்ல பிறந்தவர், அவரோட அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியோட பக்தர், இரண்டாம் உலகப் போர் நேரத்துல அப்பா தாய்லாந்துல ஜப்பான்காரங்க கிட்ட சிறையில இருந்தப்போ அம்மாவும் பிள்ளைகளும் ரமணாசிரமத்துப் பக்கத்துல தான் இருந்தாங்க. ஆடம் தமிழ் சரளமா பேசுவாரு. அப்புறம் இங்கிலாந்து போய், அங்கேர்ந்து அமெரிக்கா போய், 1981ல இந்த மெஷினை வெளியிட்டாரு, டிசைன் பண்ணவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். கம்பெனி 1983லயே திவால் ஆச்சு. கடைசி காலத்துல உடம்பு முடியாம கொடைக்கானலுக்கு வந்து 2003ல அங்கயே காலமானாரு. உங்க பரண்ல இருந்த பெட்டி கலிஃபோர்னியால செஞ்சது தான், ஆனா கொஞ்சம் உங்க ஊர்ப் பெட்டியும் கூட.

சரி, வேலைக்கு வருவோம். 11 கிலோ எடை, இசட்80 சிப், 64 கேபி மெமரி, ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ், நடுவுல அந்த குட்டி ஸ்கிரீன். முன்பக்கத்துலயே ஒரு எட்ஜ் கனெக்டர் (போர்டோட ஓரத்துலயே வரிசையா பின் இருக்குற இணைப்பு) இருக்கும், அதுல ஒரு சின்ன பிளக் சொருகியிருக்கும் பாருங்க. நிறைய பேர் அதை ஏதோ மூடின்னு நினைச்சு கழட்டிடறாங்க. அது மூடி இல்ல. மெயின் போர்டுலேர்ந்து வர்ற வீடியோ சிக்னல் அந்த கனெக்டர் வழியா வெளிய வந்து, அந்த பிளக் வழியா திரும்பி உள்ள இருக்குற ஸ்கிரீனுக்குப் போகுது. பிளக்கை எடுத்துட்டு அந்த இடத்துல வெளி மானிட்டரை மாட்டலாம்னு அப்பவே யோசிச்சு வச்சிருக்காங்க. இது நமக்குப் பெரிய வரம், ஏன்னா பெட்டியைத் திறந்து ஒரு ஒயரைக் கூட வெட்ட வேண்டாம்.

நான் சொல்றது என்னன்னா, அந்த பிளக்குக்குப் பதிலா ஒரு சின்ன போர்டு செய்யுங்க. ஒரிஜினல் பிளக் எந்த எந்த பின்னை சேர்த்து வைக்குதோ அதையே இதுவும் சேர்த்து வைக்கணும், கூடவே வீடியோ, எச்-சிங்க் (ஒவ்வொரு கோடும் எங்க தொடங்குதுன்னு சொல்ற சிக்னல்), வி-சிங்க் (ஒவ்வொரு படமும் எங்க தொடங்குதுன்னு சொல்ற சிக்னல்), கிரவுண்ட் இந்த நாலையும் மட்டும் தனியா ஒயர்ல இழுத்துக்கங்க. அப்போ உள் ஸ்கிரீனும் எரியும், டிவியும் எரியும், ரெண்டும் ஒரே நேரத்துல. ஒரு எச்சரிக்கை, மானிட்டருக்கான 12 வோல்ட்டும் அந்த கனெக்டர் பக்கம் தான் ஓடுது, அதனால சர்க்யூட் டயகிராமைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பின்னா மீட்டர் வச்சு அளந்துட்டு தான் ஒயர் போடணும். அவசரம் வேண்டாம், இந்த ஒரு இடத்துல ஒரு மணி நேரம் கூடுதலா செலவு பண்ணுங்க.

இப்போ அந்த சிக்னல் எப்படி இருக்கும்? ஒரு எழுத்துக்கு 8 புள்ளி அகலம், 52 எழுத்து, அப்போ 416 புள்ளி. 24 வரி, வரிக்கு 10 கோடு, அப்போ 240 கோடு. கிடைவாக்குல கிட்டத்தட்ட 15.6 கிலோஹெர்ட்ஸ், நெட்டுவாக்குல 60 ஹெர்ட்ஸ். இன்னிக்கு டிவிகள்ல இந்த வேகத்துல வர்ற தனித்தனி சிங்க் சிக்னலை வாங்கிக்கிற வாயே இல்ல, அதனால நடுவுல ஒரு மாத்தி, அதாவது கன்வெர்ட்டர் வேணும். நான் சிபாரிசு பண்றது ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐங்கிற ஓப்பன் சோர்ஸ் போர்டு. முதல்ல இங்கிலாந்தோட பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக சில ஆர்வலர்கள் செஞ்சது, அப்புறம் எல்லா பழைய மெஷினுக்கும் விரிஞ்சுடுச்சு. ராஸ்பெர்ரி பை ஜீரோங்கிற குட்டி கம்ப்யூட்டர் மேல ஒரு சின்ன போர்டு, அந்த போர்டுல 5 வோல்ட்டைத் தாங்குற ஒரு சிப், அவ்வளவு தான். அது சிக்னலைத் தோராயமா படம் பிடிக்காம ஒவ்வொரு புள்ளியையும் அதோட நேரத்துல சரியா எண்ணி எடுக்கும், அதனால டிவில எழுத்து அச்சடிச்ச மாதிரி நிக்கும்.

செட்டிங்ல இதை மட்டும் கவனிங்க. டிவி 1920க்கு 1080ன்னு வச்சுக்குவோம். 416 புள்ளியை 3 மடங்கு பண்ணா 1248, 240 கோட்டை 4 மடங்கு பண்ணா 960. ரெண்டும் முழு எண், அதனால எந்தப் புள்ளியும் பக்கத்துப் புள்ளியோட கலங்காது, 1248க்கு 960ங்கிறது கிட்டத்தட்ட பழைய 4:3 வடிவம், அதாவது எழுத்து அந்த குட்டி ஸ்கிரீன்ல இருக்குற அதே ஒல்லியான உருவத்தோட வரும். சுத்தி கருப்பு ஓரம் இருக்கும், இருக்கட்டும். டிவி முழுசும் நிரப்பணும்னு இழுத்துடாதீங்க, பெரியப்பா கண்ணுக்கு எழுத்து எவ்வளவு கூர்மையா இருக்கோ அவ்வளவு தான் சுகம், அகலத்துல ஒண்ணுமில்ல.

இன்னொண்ணு, ஆஸ்போர்ன்ல சில எழுத்து பளிச்சுன்னும் சில எழுத்து மங்கலாவும் வரும், அது வேணும்னே வச்சது. மாத்தி போர்டு வெறும் இருக்கு, இல்லைன்னு மட்டும் பார்த்தா அந்த மங்கல் எழுத்து ஒண்ணு முழு வெளிச்சமாகும், இல்ல காணாமலே போயிடும். அந்த வித்தியாசம் வேணும்னா அதே போர்டுக்கு அனலாக் சிக்னல் வாங்குற துணை போர்டு இருக்கு, அதைப் போட்டு அளவு வச்சுக்கலாம். ஆஸிலோஸ்கோப் வச்சிருக்குற யாராவது பக்கத்துல இருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்.

மேற்படி ஆஸ்போர்ன் டிவில வந்துட்டா 80 எழுத்து ஒரே வரில தெரியுமா?
வாசகி, டொராண்டோ

தெரியாதுங்க. டிவி பெருசானாலும் மெஷின் அனுப்புறது 52 எழுத்து தான். வீடியோ மெமரில 128 எழுத்து அகலத்துக்கு 32 வரி, மொத்தம் 4 கேபி இருக்கு, ஸ்கிரீன் அதுல ஒரு ஜன்னல் மாதிரி 52ஐ மட்டும் காட்டும், ஆரோ கீயை வச்சு அந்த ஜன்னலை நகர்த்தணும். 80 எழுத்து வேணும்னா அந்தக் காலத்துலயே ஸ்கிரீன்-பேக்னு ஒரு கூடுதல் போர்டு வித்தாங்க, அது 80ம் காட்டும் 104ம் காட்டும், தனியா ஒரு காம்போசிட் அவுட்டும் (முழு வீடியோவையும் ஒரே ஒயர்ல கொடுக்குற சாக்கெட்) உண்டு. உங்க மெஷின்ல அது இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா மெமரிக்குப் போற பஸ்ஸை, அதாவது டேட்டா போற ஒயர்களை, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வச்சு கவனிச்சு 128 எழுத்தையும் ஒரே டிவில விரிச்சுக் காட்டலாம், அது சாத்தியம் தான். யாராவது காலேஜ் பசங்க இதை ப்ராஜெக்டா எடுத்துப் பண்ணா நான் கூட நின்னு உதவி பண்ணுவேன், உண்மையாவே சொல்றேன்.

காம்பாக் போர்ட்டபிள் வச்சிருக்கேன் சார். பின்னாடி 9 பின் சாக்கெட் இருக்கு. கடைல 9 பின்னை 15 பின் விஜிஏவா மாத்துற அடாப்டர் கிடைக்குது, அதை வாங்கி எல்சிடி மானிட்டர்ல மாட்டலாமா?
வாசகர், சென்னை

தயவுசெஞ்சு மாட்டாதீங்க சார். இதுக்கு நான் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இதே தப்பை நானே ஒரு தடவை பண்ணி ஒரு நல்ல மானிட்டரோட இன்புட்டைப் பறிகொடுத்திருக்கேன், அதுக்கப்புறம் தான் உக்காந்து படிச்சேன்.

அந்த 9 பின்ல வர்றது டிஜிட்டல் சிக்னல், டிடிஎல்னு சொல்லுவாங்க, ஒண்ணு 0 வோல்ட் இல்ல கிட்டத்தட்ட 5 வோல்ட். விஜிஏ மானிட்டர் எதிர்பார்க்குறது அனலாக், கலருக்கு அதிகபட்சம் 0.7 வோல்ட். அதோட வேகமும் பொருந்தாது. உங்க மெஷினோட சிஜிஏ (அந்தக் கால ஐபிஎம் கலர் கார்டு முறை) சிக்னல் 15.7 கிலோஹெர்ட்ஸ், விஜிஏ 31.5 கிலோஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடைல விக்கிற அந்த அடாப்டர் உள்ள வெறும் ஒயர் மட்டும் தான், எதையும் மாத்தாது. சாக்கெட் பொருந்துதுங்கிறதுக்காக சிக்னலும் பொருந்தும்னு எப்பவுமே நினைக்காதீங்க.

பின் வரிசை இது: 1, 2 கிரவுண்ட், 3 சிவப்பு, 4 பச்சை, 5 நீலம், 6 வெளிச்சம், 8 எச்-சிங்க், 9 வி-சிங்க். மூணு கலரும் ஒரு வெளிச்ச பின்னும் சேர்ந்து 16 கலர். மேல சொன்ன அதே பை ஜீரோ போர்டுல சிஜிஏவுக்குன்னு ரெடியா ஒரு செட்டிங் இருக்கு, 640க்கு 200, அகலம் 2 மடங்கு உயரம் 5 மடங்கு வச்சா 1280க்கு 1000, 1080 டிவில அழகா உக்காரும். ஆர்கேட் மெஷினுக்குன்னு விலை குறைச்சலா ஒரு மாத்தி போர்டு விக்கிறாங்க, அது அனலாக் சிக்னலைத் தான் வாங்கும், ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைக் குறைச்சுக் கொடுத்தா ஓடும், கேம் விளையாட போதும், ஆனா 80 எழுத்து டெக்ஸ்ட் அதுல கலங்கித் தான் தெரியும்.

பிரவுன் கலர் வரலையேன்னு அடுத்த மாசம் எழுதுவீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். சிஜிஏல 6ம் நம்பர் கலர் சிக்னல் படி பார்த்தா இருட்டு மஞ்சள். ஐபிஎம் தன்னோட கலர் மானிட்டர்லயே ஒரு தனி சர்க்யூட் வச்சு அந்த ஒரு கலருக்கு மட்டும் பச்சையைக் குறைச்சு பிரவுன் ஆக்கினாங்க. கார்டு அதைப் பண்ணாது. அதனால மாத்தி போர்டுக்கு அது தெரிஞ்சிருக்கணும், நல்ல போர்டுல அந்த பேலட், அதாவது கலர் பட்டியல் இருக்கு.

உங்க காம்பாக் 1983ல விற்பனைக்கு வந்த மெஷின், உள்ள 9 இன்ச் பச்சை ஸ்கிரீன். அந்த உள் ஸ்கிரீன்ல டெக்ஸ்ட் கூர்மையா தெரியட்டும்னு அவங்க வேற வேகத்துல ஓட்டினாங்க, வெளிய கொடுக்கும்போது சிஜிஏ வேகத்துக்கு மாறணும். அதுக்கு கீபோர்டுலயே ஒரு கீ சேர்க்கை உண்டு, கையேட்டுல இருக்கும். மாறாம வச்சா டிவில படம் வராது, உங்க வேலை தப்புன்னு நினைச்சு குழம்புவீங்க. சரியா மாறிட்டா, இத்தனை வருஷமா பச்சையா மட்டுமே பார்த்த மெஷின் திடீர்னு 16 கலர்ல டெக்ஸ்ட் காட்டும். முதல் தடவை அதைப் பார்க்குறப்போ வீட்ல இருக்குறவங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க.

படம் வருது ஆனா எழுத்தோட ஓரம் மட்டும் மினுமினுங்குது, கொசு பறக்குற மாதிரி. ஒயர் தப்பா?
வாசகர், சேலம்

ஒயர் இல்ல. அந்த பை ஜீரோ போர்டு புள்ளியோட நடுவுல பார்க்காம, ரெண்டு புள்ளி மாறுற ஓரத்துல பார்க்குது. மெனுல ஃபேஸ்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு படியா நகர்த்துங்க, ஒரு இடத்துல டக்குன்னு நின்னுடும். அங்கேர்ந்து இன்னும் ரெண்டு படி தள்ளி வைங்க, மெஷின் சூடானதுக்கு அப்புறமும் நிலையா நிக்கும்.

ஐபிஎம் போர்ட்டபிள்ல மஞ்சள் ஜாக்குக்கு ஏத்த மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. டிவியோட ஏவி இன்புட்ல நேரா மாட்டினேன், படம் வந்துச்சு, ஆனா டாஸ் எழுத்து எல்லாம் ரெயின்போ மாதிரி கலர் பிசிறோட படிக்கவே முடியல.
வாசகர், கோயம்புத்தூர்

நேரா மாட்டினது தப்பில்ல, அது காம்போசிட் அவுட், அதுக்காகத் தான் இருக்கு. பிசிறு வர்றதுக்குக் காரணம் கலர் பர்ஸ்ட், அதாவது இது கலர் படம்னு டிவிக்குச் சொல்ற சிக்னல். கலர் சிக்னலும் கருப்பு வெள்ளை சிக்னலும் ஒரே ஒயர்ல வர்றதால, 80 எழுத்து டெக்ஸ்ட்ல இருக்குற நெருக்கமான கோடுகளை டிவி கலர்னு நினைச்சு ஏமாந்துடுது. டாஸ்ல மோட்னு டைப் பண்ணி ஒரு இடைவெளி விட்டு பிடபிள்யூ80ன்னு (MODE BW80) கொடுத்து எண்டர் தட்டுங்க. கலர் பர்ஸ்ட் நின்னுடும், எழுத்து கருப்பு வெள்ளைல தெளிவா வரும். பைசா செலவில்லாத வைத்தியம், முதல்ல இதைப் பண்ணிப் பாருங்க.

ஏவி இன்புட் இல்லாத டிவியா இருந்தா ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி ஒண்ணு விக்கிறாங்க. சிலது ஓடும், சிலது ஓடாது. பழைய கம்ப்யூட்டர்கள் ஒண்ணு விட்டு ஒண்ணு கோடு போடுற டிவி முறைல அனுப்பாது, எல்லா ஃபிரேம்லயும் அதே கோட்டை அனுப்பும், இந்தப் பெட்டிகள் அதைப் புரிஞ்சுக்காம படத்தை மேலயும் கீழயும் ஆட்டும். வாங்குறதுக்கு முன்னாடி கடைல திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேட்டுக்கங்க.

நான் ஓய்வு பெற்ற பத்திரிகையாளன். டிஆர்எஸ்-80 மாடல் 100ல தான் என் முதல் செய்திகளை எழுதினேன். அது இன்னும் 4 பென்டார்ச் பேட்டரில ஓடுது. அதோட எல்சிடிலேர்ந்து சிக்னல் எடுத்து பெரிய ஸ்கிரீன்ல காட்டணும்னு ஆசை.
வாசகர், சிங்கப்பூர்

ஐயா, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். 1983ல வந்த மெஷின், 40 எழுத்து 8 வரி, எழுதினது எல்லாம் பேட்டரி துணைல மெமரிலயே பத்திரமா நிக்கும், இன்னிக்கும் எழுதுறதுக்கு அதை விட அமைதியான மெஷின் கிடைக்கிறது கஷ்டம்.

ஆனா உங்க கேள்விக்கு நேரான பதில் கொஞ்சம் கசப்பு. மத்த லேப்டாப் எல்சிடிகள்ல படம் இடைவிடாம ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு நொடிக்கு பல தடவை முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்புவாங்க, அந்த ஒயர்களைத் தட்டி எடுத்து ராஸ்பெர்ரி பை பிகோங்கிற ஒரு சின்ன போர்டுல கொடுத்தா படமா சேர்த்துடலாம், 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டா இறக்குற ஒரு 74எல்விசி245 சிப்பை மட்டும் நடுவுல போட்டா போதும். உங்க மாடல் 100ல அப்படி ஓட்டமே கிடையாது. 240க்கு 64 புள்ளி இருக்குற அந்த எல்சிடியைப் பத்து டிரைவர் சிப் பங்கு போட்டு பார்த்துக்குது, ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 50க்கு 32 புள்ளி, ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் அதுக்கான மெமரி. சிபியு ஒரு எழுத்து மாறினா அந்த இடத்தை மட்டும் எழுதிட்டு சும்மா இருந்துடும். அதனால ஆன் பண்ண நொடிலேர்ந்து எந்த சிப்புக்கு என்ன எழுதுனுச்சுன்னு ஒண்ணு விடாம கேட்டு, ஒரு பிரதியை நாமளே கட்டணும். செய்யலாம், ஆனா மெஷினைத் திறந்து பத்து சிப்போட செலக்ட் ஒயர்லயும் சால்டர் வைக்கணும், உங்களோட அந்த மெஷின்ல அதைச் செய்ய எனக்கு மனசு வரல.

பின்னாடி ஆர்எஸ்-232 போர்ட் இருக்குல்ல, அதை யுஎஸ்பி சீரியல் கேபிள்ல ஒரு கம்ப்யூட்டரோட சேர்த்து, உள்ள இருக்குற டெல்காம் புரோகிராம்லேர்ந்து எழுதினதை அனுப்புங்க. எழுத்து பெரிய ஸ்கிரீன்ல ஓடி வரும், காப்பியும் ஆயிடும். அந்தக் கம்பெனியே டிஸ்க்-வீடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வித்தாங்க, டிவில காட்டுறதுக்கு, எங்கயாவது கண்ணுல பட்டா விடாதீங்க.

எல்சிடி வச்சிருக்குற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. சிக்னல் எடுக்குற இடத்துல கான்ட்ராஸ்டுக்கான மைனஸ் வோல்ட்டேஜும் வரும், அது பிகோவைத் தொட்டா பிகோ போச்சு, அந்த ஒயரை முதல்ல அடையாளம் கண்டு டேப் சுத்தி வைங்க. ஸ்கிரீன்லேர்ந்து வினிகர் வாசனை வந்தா மேல இருக்குற போலரைசர் ஷீட் அழுகுதுன்னு அர்த்தம், கண்ணாடி நல்லா தான் இருக்கும், ஷீட்டை மட்டும் மாத்தலாம். டோஷிபா டி1000 மாதிரி மெஷின் வச்சிருந்தா எதையும் திறக்காதீங்க, பின்னாடியே வீடியோ அவுட் இருக்கு.

பழைய டியூபைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு சின்ன எல்சிடி பேனல் வச்சா எடையும் குறையும், கரண்டும் குறையும்ல?
வாசகர், மதுரை

குறையும். ஆனா வேண்டாம். டியூப் நல்லா எரியுதுன்னா அதைக் கழட்டுறதுக்கு நான் வழி சொல்ல மாட்டேன், அந்த அளவு டியூப் இப்போ யாரும் செய்யுறதில்ல, உங்க கைல இருக்குறது போனா போனது தான். வெளிய எச்டிஎம்ஐ கொடுங்க, உள்ள இருக்குறதை இருக்க விடுங்க. டியூப் ஏற்கனவே செத்துப் போயிருந்தா பேனல் வைங்க, ஆனா பழைய ஸ்க்ரூ ஓட்டைலயே பிடிக்கிற மாதிரி ஒரு பிராக்கெட் செஞ்சு வைங்க, பிளாஸ்டிக்கை வெட்டாதீங்க, கழட்டின டியூபைத் துணி சுத்தி அட்டைப் பெட்டில போட்டு வைங்க. நாளைக்கு வேற ஒருத்தர் பழைய நிலைக்கே கொண்டு வரணும்னு நினைச்சா முடியணும்.

கை வைக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். டியூபோட ஆனோட் பக்கம் பல ஆயிரம் வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் தங்கியிருக்கும், அதை டிஸ்சார்ஜ் பண்ணத் தெரிஞ்ச டிவி மெக்கானிக் ஒருத்தர் கூட இருக்கணும். வெளிநாட்லேர்ந்து வந்த மெஷின்னா பின்னாடி வோல்ட்டேஜ் சுவிட்ச் 115லயா 230லயா இருக்குன்னு பாருங்க, பவர் சப்ளைல மஞ்சள் நிறத்துல கண்ணாடி மாதிரி உள்ள விரிசல் தெரியுற கெபாசிட்டர் இருந்தா ஆன் பண்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, இல்லன்னா பத்து நிமிஷத்துல வீடு முழுக்க புகை தான்.

எங்க ஆஸ்போர்ன் ஆன் ஆகுது, டிரைவ் லைட் எரியுது, சுத்துற சத்தமும் கேக்குது. ஸ்கிரீன் மட்டும் முழு இருட்டு. டியூப் போச்சுன்னு ஒரு ரிப்பேர் கடைல சொல்லிட்டாங்க. தூக்கிப் போட்டுடலாமா?
வாசகி, கும்பகோணம்

போடாதீங்கம்மா! முதல் கேள்விக்கு சொன்னேன்ல, முன்பக்க வீடியோ கனெக்டர்ல ஒரு குட்டி பிளக் இருக்கணும்னு, அது இருக்கான்னு முதல்ல பாருங்க. அது இல்லன்னா டியூப் எவ்வளவு நல்லா இருந்தாலும் இருட்டு தான். மெஷின் கூட வந்த பை, டிஸ்கெட் வைக்கிற பாக்கெட், பழைய டப்பா எல்லாத்துலயும் தேடுங்க. கிடைக்கலன்னா சர்க்யூட் டயகிராமைப் பார்த்து அதே பின்களை சேர்க்குற பிளக்கை எந்த ரேடியோ மெக்கானிக்கும் செஞ்சு கொடுத்துடுவாரு. அதுவும் மாட்டி பிரைட்னஸ் திருகியைத் திருப்பிப் பார்த்தும் இருட்டாவே இருந்தா எனக்கு மறுபடி எழுதுங்க, அடுத்த இதழ்ல உங்க கடிதத்தை முதல்ல எடுத்துக்கறேன்.